இலங்கைத் தவளைகளை அடையாளம் காண்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையில் தவளை பார்க்கத் தொடங்கும் ஒருவர், அதன் நிறத்தையும் புள்ளிகளையும் கவனிப்பதற்கு முன்னர், தாம் தீவின் எந்தப் பகுதியில், எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இத்தீவில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள ஈரூடகவாழிகள் 120 இனங்களை ஒட்டியவை. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆனால் இந்த உள்நாட்டு இனங்கள் தீவெங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. தென்மேற்கின் ஈரவலயத்திலும் மத்திய மலைநாட்டிலும் அவை நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றிலும் பல, ஒரே மலைத்தொடரின் ஒரு சரிவில் மட்டுமே வாழ்கின்றன. எனவே இடத்தைச் சரியாகக் குறித்தவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு போன்ற உலர்வலயப் பகுதிகளில் இருப்பவருக்கு நிலைமை எளிது. அங்கே வயலிலும் குளத்திலும் கிணற்றடியிலும் காணும் இனங்கள் குறைவு; அவற்றுள் பலவற்றைத் தமிழ்நாட்டுச் சமவெளியிலும் காணலாம். பாக்கு நீரிணை ஆழமற்றது. பனிக்காலங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் இரு நிலங்களும் இணைந்திருந்தன. வறட்சியைத் தாங்கும் தவளைகள் அந்த வழியாக நடமாடின. ஈரக்காட்டுத் தவளைகளுக்கோ இடையில் கிடந்த உலர்ந்த சமவெளியே தடையாக இருந்தது. நிலப்பாலம் இருந்த காலத்திலும் மலைநாட்டு உயிரினங்கள் பெரும்பாலும் தனித்தே பரிணமித்தன என்பதை 2004-இல் வெளியான மரபணு ஆய்வொன்று விளக்கியது. ஆகவே கிளிநொச்சியில் இருந்துகொண்டு சிங்கராஜாக் காட்டின் படங்களைப் புரட்டித் தம் தவளையைத் தேடுபவர் வீணாகச் சிரமப்படுகிறார். அட்டனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு உலர்வலயப் பட்டியலைப் பார்ப்பவரும் அப்படியே.

எப்போது, எதனுடன் போவது

பெரும்பாலான தவளைகள் இரவில் இயங்குபவை. பொழுது சாய்ந்து முதல் இரண்டு, மூன்று மணி நேரமே தொடக்கநிலையினருக்கு மிகவும் பயன்தரும் வேளை. உலர்வலயத்தில் வடகீழ் பருவப்பெயர்ச்சிக்கு முன்னர், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் விழும் முதல் பெருமழைகளைத் தவற விடக்கூடாது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் இனங்கள் அந்தச் சில இரவுகளில்தான் வெளியே வருகின்றன. ஈரவலயத்தில் இத்தகைய கட்டுப்பாடு இல்லை. தென்மேல் பருவப்பெயர்ச்சி தொடங்கும் மே மாதத்திலிருந்து மழை விட்டுவிட்டுப் பெய்யும் எந்த மாலையும் போதும்.

தலையில் கட்டும் விளக்கு, கைபேசி, முனை மழுங்காத பென்சில், ஈரம் தாங்கும் குறிப்பேடு, சென்ரிமீற்றர் அளவு குறித்த சிறு அட்டை, முழங்கால் வரை மூடும் காலணி ஆகியவை போதும். விலையுயர்ந்த புகைப்படக் கருவியை முதல் ஆண்டில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல படம் எடுக்கும் ஆவலில் காதுக்கு வேலை கொடுக்காமல் போய்விடுகிறோம்.

காலணியை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தவளை இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். உலர்வலய வயல்வரப்புகளில் புடையனும், ஈரவலயத்து உதிர்ந்த இலைகளுக்கிடையே கோப்பி விரியனும் அடிக்கடி எதிர்ப்படுபவை. கை வைக்கும் இடத்தை முதலில் விளக்கால் பார்த்துவிட்டே வைக்க வேண்டும். வயல்நீரில் வெறுங்காலுடன் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கும் வழிவகுக்கும். காலில் கீறல் இருந்தால் இறங்காமல் இருப்பதே நல்லது. வன்னியிலும் கிழக்கிலும் யானை நடமாடும் குளக்கரைகளுக்கு இரவில் ஊரவர் துணையின்றிப் போகக்கூடாது.

உடலைப் பார்க்கும் ஒழுங்கு

தவளையைக் கண்டவுடன் நிறத்தைக் குறிப்பது எல்லோரும் செய்யும் செயல். ஆனால் நிறமே மிகக் குறைவாக நம்பத்தக்கது. ஒரே தவளை பகலில் வெளிறியும் இரவில் கறுத்தும் தோன்றலாம். ஒரே இனத்தில் கோடு உள்ளதும் இல்லாததும் பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் இருக்கலாம். ஆகவே விரல் நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனியில் அகன்ற, வட்டமான ஒட்டுத்தட்டு இருந்தால் அது பெரும்பாலும் மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டு இல்லாமல் விரல் கூராகவோ மழுங்கியோ முடிந்தால் நிலத்திலோ நீரிலோ வாழ்வதாக எடுத்துக்கொள்ளலாம். நடுத்தரமான சிறு தட்டு சில ஓடைத் தவளைகளிலும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்துப் பின்னங்காலின் விரலிடைச் சவ்வைப் பாருங்கள். விரல் நுனிவரை சவ்வு நிறைந்திருந்தால் அது நீரை விட்டு அதிகம் விலகாத தவளை; அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் தரையில் திரிவது. குதிகாலுக்கு அருகே கடினமான, விளிம்புள்ள புடைப்பு இருந்தால் அது மண்ணைத் தோண்டிப் புதைந்து வாழும் இனம். பிறகு தோல்: வழுவழுப்பா, சொரசொரப்பா, நீளவாட்டில் மடிப்புகள் உண்டா, கண்ணின் பின்புறத்திலிருந்து இடுப்புவரை முதுகின் இருபக்கமும் ஓடும் ஒரு மெல்லிய மேடு இருக்கிறதா? கண்ணுக்குப் பின்னே வட்டமான செவிப்பறை தெளிவாகத் தெரிகிறதா, தோலுக்குள் மறைந்திருக்கிறதா? வாய் அகன்றதா, தலையோடு ஒப்பிட மிகக் குறுகியதா? இவற்றுக்கு விடை எழுதிய பின்னரே நிறத்தையும் வடிவங்களையும் எழுதுங்கள். படம் எடுப்பதானால் முதுகு, பக்கம், முகம் ஆகிய மூன்றும் கட்டாயம். தொடையின் பின்புறமும் இடுப்பு மடிப்பும் தெரியும் படம் கிடைத்தால் நிபுணர்கள் உங்களை வாழ்த்துவார்கள், ஏனெனில் இனங்களைப் பிரிக்கும் புள்ளிகளும் வரிகளும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

வீட்டைச் சுற்றித் தொடங்குங்கள்

முதலில் பழக வேண்டியது தேரை. டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸ் என்ற பொதுத் தேரை தீவின் தாழ்நிலங்களெங்கும் விளக்குக் கம்பத்தின் அடியில் பூச்சிக்காகக் காத்திருக்கும். கண்ணின் மேலும் முன்னும் பின்னும் ஓடும் கறுத்த மேடுகள், கண்ணுக்குப் பின்னே பருத்த நச்சுச்சுரப்பி, உடலெங்கும் கருநுனி கொண்ட பருக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐயமில்லை. அந்தச் சுரப்பியின் பால் கண்ணில் பட்டால் எரியும். நாய் கவ்வினால் வாயில் நுரை தள்ளும். தொட்டால் தோலில் மரு வரும் என்பது மட்டும் கட்டுக்கதை.

குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டி விளிம்பிலும் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் பாலிபெடேட்டஸ் பேரினத்து மரத்தவளை. உலர்வலயத்தில் பாலிபெடேட்டஸ் மாக்குலேட்டஸ் இந்தியாவுக்கும் பொதுவானது. தொடையின் பின்புறத்தில் மஞ்சள் புள்ளிகள் வலைபோல் தெரியும். பாலிபெடேட்டஸ் குரூசிகர் இத்தீவுக்கே உரியது. முதுகில் உடுக்கை வடிவ அடையாளம் பலவற்றில் தெளிவாக இருக்கும், தலைத்தோல் மண்டையோட்டுடன் ஒட்டிப்போயிருப்பதால் அங்கே தோல் அசையாது. இவை முட்டையிடும் முறை காண வேண்டியது. கிணற்றுக் கட்டின் உட்சுவரிலோ தொட்டியின் மேல் தொங்கும் கிளையிலோ ஒரு கைப்பிடி அளவு வெண்ணுரை ஒட்டியிருக்கும். பெண் தவளை பின்னங்கால்களால் அடித்து உண்டாக்கிய அந்த நுரையின் மேற்புறம் காய்ந்து பழுப்பேற, உள்ளே ஈரம் காக்கப்படும். சில நாட்களில் அடிப்பகுதி இளகி, வாற்பேத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழேயுள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விழும். தொட்டி கழுவுபவர்கள் இதை அழுக்கு என்று எண்ணி வழித்துவிடுவது வழக்கம்; ஒரு வாரம் பொறுத்தால் தானாகவே போய்விடும்.

குளத்திலும் தேங்கிய நீரிலும் கண்களை மட்டும் வெளியே நீட்டி மிதப்பவை யூஃப்ளிக்டிஸ் பேரினத்தவை. சிறியது, அதாவது துள்ளும் தவளை, துரத்தினால் நீர்ப்பரப்பின் மேலேயே தத்தித் தத்திச் செல்லும். பெரியதான யூஃப்ளிக்டிஸ் ஹெக்ஸாடாக்டைலஸ் பச்சை நிறத்தது. வளர்ந்தபின் நீர்த்தாவரங்களைப் பெருமளவில் உண்ணும் அரிய இயல்புடையது. தவளை என்றாலே பூச்சியுண்ணி என்று பாடத்தில் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்கும். வயல்வரப்பில் குறுகிய நீள்மடிப்புகளுடன் காணும் சிறு பழுப்புத் தவளைகள் மினர்வாரியா பேரினத்தவை. ஆணின் தொண்டையில் கறுப்பு அடையாளம் இருக்கும். தடித்த உடலும் வலிமையான கால்களும் கொண்ட பெருந்தவளை ஹோப்லோபாட்ராக்கஸ் கிராசஸ் ஆகும்.

பெருமழை இரவில் முற்றத்து வெள்ளத்திலிருந்து ஊதுகுழல் போன்ற உரத்த ஓசை எழுந்தால், விளக்கை நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்துப் பாருங்கள். உடலை ஊதிப் பெரிதாக்கி, கைகால்களைப் பரப்பி, குரற்பை புடைக்க மிதந்துகொண்டிருப்பது யூபெரோடன் டாப்ரோபானிக்கஸாக இருக்கும். கரும்பழுப்பு முதுகில் செம்மஞ்சள் திட்டுகள் கொண்ட இதை வேறெதனுடனும் குழப்ப முடியாது. கையால் பிடித்தால் பிசின் போன்ற திரவம் ஒட்டிக்கொள்ளும். இதே குறுவாய்க் குடும்பத்தின் சிறியவை மைக்ரோஹைலா பேரினத்துத் தவளைகள். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய உடலிலிருந்து அவ்வளவு பெரிய ஓசை எப்படி வருகிறது என்று புதியவர்கள் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். வடக்கின் மணற்பாங்கான நிலங்களில் ஸ்பெரோதிகா என்னும் புதைதவளையையும் எதிர்பார்க்கலாம். உருண்டை உடல், குதிகாலில் மேற்சொன்ன தோண்டும் புடைப்பு.

ஓடைகளும் ஈரப்பாறைகளும்

ஈரவலய ஓடைக்கரையில் இலைகளுக்கிடையே அமர்ந்து, முதுகின் இருபக்கமும் மேடு ஓட, முகத்தின் பக்கம் கருத்திருக்கும் மெல்லிய தவளை இண்டோசில்விரானா. முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்ட இதில், 2014-இல் இண்டோசில்விரானா செரெண்டிபி என்ற இரண்டாவது இனம் பிரித்தறியப்பட்டது. ஓடையின் சேற்றுக்குள் முகம் மட்டும் தெரியக் கிடக்கும் சுருக்கத்தோல் தவளை லங்காநெக்டஸ். மீன்களைப் போல நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகள் வளர்ந்த பின்னும் இதற்கு உண்டு. இந்தப் பேரினமே இலங்கைக்கு மட்டும் உரியது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் வாழும் இதன் இரண்டாவது இனம் 2018-இல் விவரிக்கப்பட்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நினைவாகப் பெயர் பெற்றது.

நீர் வழியும் பாறைகளை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். தட்டையான உடலுடன் பாறை வெடிப்புகளில் ஒடுங்கியிருக்கும் நானோஃப்ரிஸ் தவளைகளும் இத்தீவுக்கே உரியவை. அவற்றின் வாற்பேத்தைகள் குட்டையில் நீந்துவதில்லை. பாறை மேல் படர்ந்த மெல்லிய நீர்ப்படலத்தில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்கின்றன. கைவிளக்கைச் சரித்துப் பிடித்தால் நீண்ட வாலின் அசைவு தெரியும். முட்டைகளை ஆண் தவளை காவல் காக்கும்; ஆகவே வெடிப்புக்குள் குச்சியை விட்டுக் கிளறக்கூடாது.

புதர்த்தவளைகள்: பொறுமை தேவைப்படும் பகுதி

இலங்கைத் தவளைகளுள் பாதிக்கு மேற்பட்டவை சூடோபிலாட்டஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 70-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலானவை இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் நீளமே உள்ளவை, விரல் நுனியில் ஒட்டுத்தட்டு உள்ளவை, பழுப்பிலும் பச்சையிலும் எண்ணற்ற சாயல்களில் வருபவை. இவற்றின் பன்முகத்தன்மை உலகுக்குத் தெரியவந்தது அண்மையில்தான். மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆராச்சி உள்ளிட்டோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இத்தீவை ஈரூடகவாழிகளின் செறிவிடமாக அறிவித்தது. 2005-இல் பின்னிருவரும் ஒரே கட்டுரையில் 27 புதிய இனங்களை விவரித்தனர்.

இவற்றைப் புரிந்துகொள்ள முட்டையிலிருந்து தொடங்க வேண்டும். சூடோபிலாட்டஸ் தவளைகளுக்கு நீந்தித் திரியும் வாற்பேத்தைப் பருவமே கிடையாது. பெண், ஈரமண்ணில் சிறு குழி பறித்து முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிட்டுப் போய்விடும்; சூடோபிலாட்டஸ் ஃபெமொராலிஸ் போன்ற மிகச் சில இனங்கள் மட்டும் இலையின் அடிப்புறத்தில் ஒட்டுகின்றன. இலையில் ஒட்டிய முட்டையை அசைக்காமல் பின்னிருந்து ஒளி பாய்ச்சினால், பளிங்கான உறைக்குள் கைகால் முளைத்த ஓர் உயிர் வாலைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுப்பதைக் காணலாம். வெளியே வரும்போது அது முழுத் தவளை, அளவு மட்டுமே சிறியது. குளமும் ஓடையும் தேவைப்படாததால் ஒவ்வொரு மலைச்சரிவிலும் தனித்தனிக் கூட்டங்களாக வாழ இவற்றால் முடிந்தது. அதே காரணத்தால், மண்ணின் ஈரம் போனால், மர நிழல் போனால் தப்பவும் வழியில்லை. அற்றுப்போனவை என்று உலகளவில் பதிவான தவளை இனங்களில் பெரும்பங்கு இப்பேரினத்தினுடையது. அவற்றுள் பலவற்றுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரிக்கப்பட்டு அருங்காட்சியகப் போத்தல்களில் கிடக்கும் உடல்களே சான்று.

அடையாளம் காணும்போது மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்: கடல்மட்டத்திலிருந்து இடத்தின் உயரம், தரையிலிருந்து தவளை அமர்ந்திருந்த உயரம், குரல். ஈரவலயத் தாழ்நிலத்து வீட்டுத்தோட்டத்தில், இடுப்பளவுப் புதரில் கூப்பிடும் மிகச் சிறியது பெரும்பாலும் சூடோபிலாட்டஸ் பொப்பியூலாரிஸ். உலர்வலயத்தில் இப்பேரினத்தைக் கண்டால் சூடோபிலாட்டஸ் ரேகியஸ், சூடோபிலாட்டஸ் ஃபெர்குசோனியானஸ் ஆகிய இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்னது பெரியது, பாறையிலும் வீட்டுச் சுவரிலும்கூட இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் புல்லடியில் காணும் சூடோபிலாட்டஸ் மைக்ரோடிம்பானமும் மலைநாட்டுப் பசுந்தவளையான சூடோபிலாட்டஸ் விரிடிஸும் தொடக்கநிலையினருக்கு எட்டக்கூடியவை. மற்றவற்றில், குறிப்பாகக் குஞ்சுகளில், பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “சூடோபிலாட்டஸ், இனம் தெரியவில்லை, 1,400 மீற்றர், ஏலச்செடியில் ஒரு மீற்றர் உயரத்தில்” என்ற குறிப்பு, தவறான ஒரு பெயரைவிட ஆய்வாளருக்குப் பன்மடங்கு பயன்படும்.

குரலைப் பதிவதும் பெயரைத் தேடுவதும்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அடையாளம் காண்பவருக்கு அதுவே பெரிய வசதி. ஒவ்வோர் இனத்தின் ஆணும் தனக்குரிய ஓசையிலேயே பெண்ணை அழைக்கிறது. தோற்றத்தில் பிரிக்க முடியாதவற்றைக் காது பிரித்துவிடும். கைபேசியைத் தவளைக்கு ஒரு மீற்றர் தூரத்தில் அசையாமல் வைத்து, விளக்கை அணைத்து, குறைந்தது ஒரு நிமிடம் பதியுங்கள். பதிவின் முடிவில் இடம், நேரம், மழை நிலை ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் எந்த ஓசை எந்தப் புதரிலிருந்து வந்தது என்பது கலந்துபோகும். பதிந்த ஓசையைக் காட்டில் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுத் தவளையை வரவழைக்கும் பழக்கம் வேண்டாம். அதன் இனப்பெருக்க நேரத்தை அது வீணாக்குகிறது.

பெயர் தேடும்போது பழைய நூல்கள் குழப்பும். முன்பு ஃபிலாட்டஸ் என்று அச்சிட்டவை இன்று சூடோபிலாட்டஸ். ரமனெல்லா, கலூலா என்ற பெயர்களில் இருந்த இலங்கை இனங்கள் யூபெரோடனுக்குள் வந்துவிட்டன. கூர்மூக்கு மரத்தவளைகள் 2010-இல் தருகா என்ற தனிப்பேரினமாயின. நூலின் ஆண்டைப் பார்த்துவிட்டே பெயரை எடுத்தெழுதுங்கள். ‘அற்றுப்போனது’ என்று எழுதியிருப்பதையும் அவ்வாறே கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1853-இல் விவரிக்கப்பட்ட சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ், ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின்னர் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2013-இல் வெளியானது. அதே காட்டில்தான் காணாமற்போனதாக நம்பப்பட்ட கண்டிக் குறுந்தேரையும் மீண்டும் கிடைத்தது.

தவளையைக் கையில் எடுக்காமலே மேற்கூறிய அனைத்தையும் செய்யலாம். தோலாலும் மூச்சுவிடும் உயிர் அது. கையிலுள்ள நுளம்புத் தைலமும் உப்பும் அதற்குத் தீங்கு. வழியில் கிடப்பதை அகற்ற நேர்ந்தால் சுத்தமான நீரில் நனைத்த கையால் எடுங்கள். சிங்கராஜா வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலும், ஹோர்ட்டன் சமவெளி வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலும் உள்ளன. இரவில் நுழைவதற்கும் எந்த மாதிரியைச் சேகரிப்பதற்கும் முன் அனுமதி கட்டாயம். பதிவுகளை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைப் பகிரும் இணையத்தளத்தில் இடும்போது, அரிய இனமாக இருந்தால் துல்லியமான இடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இலங்கையின் அரிய விலங்குகளை வளர்ப்புச் சந்தைக்குக் கடத்துபவர்களும் அதே தளங்களைப் பார்க்கிறார்கள். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போவதற்கு முன்னர் காலணியின் சேற்றைத் தேய்த்துக் கழுவி நன்றாக வெயிலில் உலர்த்துங்கள். தவளைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் ஈரச்சேற்றோடு பயணிக்கக்கூடியது.